பதினேழாம் கொக்கி

உப்புக்கண்டம் காயும் மாடி அறையின் சாளரங்களைத் திறந்ததும் முதலில் ஆடுவது காலிக் கொக்கிகள்தான். கறி ஏறிய கொக்கி அசையாது. பத்துப் பன்னிரண்டு கிலோ தொடையைக் காலைக் காற்று என்ன செய்துவிட முடியும்? காலியானவை மட்டும் கூரைக்குக் கீழே ஓடும் தண்டவாளத்தில் இடித்துக்கொண்டு, அலமாரிக்குள் யாரோ கரண்டி தேடுவது மாதிரி சத்தம் போடும். அந்தச் சத்தத்தை வைத்தே எத்தனை கொக்கி காலி என்று அவள் சொல்லிவிடுவாள். பத்து வருடப் பழக்கம், காது தானாகவே எண்ணிக்கொள்ளும். அந்த வியாழக்கிழமை நான்கு கொக்கிகள் காலி. கேட்டது மூன்றின் சத்தம்.

திரும்பிப் பார்த்தாள். நடு வரிசையில் பதினேழாம் எண் கொக்கி நேராக நின்றிருந்தது. அதன் கழுத்தில் கட்டியிருந்த அட்டைச் சீட்டு காற்றில் படபடவென்று சுழன்றது; கொக்கி மட்டும் அசையவில்லை. சக்கரத்தில் துரு ஏறியிருக்கும், எண்ணெய் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். சீட்டைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. இன்னுமா இதை யாரும் கழற்றவில்லை?

ஏழு வாரத்துக்கு முன்னால் நடந்த கூத்து அது. எடையைக் குறைக்காவிட்டால் இதயம் தாங்காது என்று டாக்டர் அவள் கணவனைக் கண்டித்து அனுப்பியிருந்தார். வீட்டில் அவனுக்கு மூட்டை என்று பெயர். அவனுடைய அக்கா வைத்தது, அவனும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. டாக்டரிடமிருந்து வந்தவன் நேரே மாடிக்கு ஏறி, காலியாக இருந்த பதினேழாம் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, முழங்காலை மடக்கித் தொங்கினான். தண்டவாளத்தின் கடைசி ஒரு முழம் தராசோடு சேர்ந்தது. அதன்மேல் எந்தக் கொக்கியைத் தள்ளினாலும் சுவரில் இருக்கும் வட்ட முகத்தில் முள் எடை காட்டும். அவள் சிரித்துக்கொண்டே அவனை அங்கே உருட்டிக்கொண்டுபோனாள். தொண்ணூற்று மூன்று கிலோ.

உப்புக்கண்டம் போடும் வீட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சீட்டு உண்டு. பண்டம் என்ன, ஏற்றும்போது எடை எவ்வளவு, இறக்கும்போது எவ்வளவு, தொங்கவிட்டவர் யார் என்று நான்கு வரி. மூன்றில் ஒரு பங்கு எடை போனால் பதம். அதற்கு முன்னால் இறக்கக் கூடாது. நான்காவது வரிதான் அந்தக் குடும்பத்துக்கு முக்கியம். யார் தொங்கவிட்டாரோ அவரே முதல் துண்டை வெட்டிச் சாப்பிட வேண்டும். கொக்கியில் இருக்கும்போதே வெட்ட வேண்டும். தின்ற பிறகுதான் இறக்க வேண்டும். தான் வாயில் வைக்காததை அடுத்தவருக்கு விற்பதில்லை என்பது அவள் மாமனார் காலத்து ஏற்பாடு. அந்தத் துண்டும் கண்டபடி இருக்கக் கூடாது. சாளரத்துக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரிய வேண்டும்.

அவளும் விளையாட்டாக ஒரு சீட்டை எடுத்து எழுதினாள். பண்டம்: மூட்டை. ஏற்றும்போது: 93. இறக்கும்போது: 62. தொங்கவிட்டவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தையும் போட்டு, கொக்கியின் கழுத்தில் கட்டிவிட்டாள்.

"முதல் துண்டு நீதான் சாப்பிடணும். ஞாபகம் வச்சுக்கோ," என்றான் அவன், கையைத் தடவிக்கொண்டே.

"உப்புச்சப்பு இல்லாத மனுஷனைச் சாப்பிட்டு என்ன ருசி தெரியப்போகுது?"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கறி இல்லாத கொக்கியில் சீட்டுக் கட்டுவது அந்த வீட்டில் யாரும் செய்யாத வேலை. ஏன் என்று யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. கேட்கும் அளவுக்கு அது பெரிய விஷயமாக அவளுக்குப் படவும் இல்லை.

அந்த வியாழக்கிழமை அவள் கீழே வந்தபோது அவன் இடுப்பு வாரில் ஊசியால் புதிய துளை போட்டுக்கொண்டிருந்தான். ஏழு வாரத்தில் அது மூன்றாவது துளை. முகத்தில் தாடை எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது, கல்யாணப் படத்தில்கூட அவனுக்கு அப்படி ஒரு தாடை கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் என்ன ரகசியம் என்று விசாரித்தார்கள். டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். சின்ன அளவில் இரண்டு சட்டைகள் வாங்கி வைத்தாள்.

கடையில் அவன் பேச்சுக்குத் தனி மவுசு உண்டு. மேடைமேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு, வாங்க வந்தவர்களுக்கு உலகத்தையே சுற்றிக் காட்டுவான். ஒரு தேசத்தில் மலைமேல் பனிக்காற்றில் காயவைக்கிறார்கள், ஒரு தேசத்தில் வெயிலில், ஒரு தேசத்தில் வாரக்கணக்காகப் புகையில், கடலோரத்தில் இருப்பவர்கள் உப்புக்காற்றில். வழி எதுவானாலும் சங்கதி ஒன்றுதான் என்பான். தண்ணீரை வெளியே எடுத்துவிட்டால் எதுவும் கெடாது, என்றைக்கும் இருக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவான், எதிரில் இருப்பவர்கள் கட்டாயம் ஒரு கிலோ வாங்குவார்கள்.

அவன் பேச்சு குறைந்ததைத்தான் அவள் முதலில் கவனித்தாள். அப்புறம் தண்ணீர். சாப்பாட்டு மேசையில் அவனுக்கு வைத்த குவளை வைத்தபடியே இருந்தது. தாகமே எடுக்கவில்லை என்றான். மத்தியான வெக்கையில், அவளும் நாத்தனாரும் முகத்தைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோன நேரத்தில், அவன் நெற்றியில் ஒரு துளி வியர்வை இல்லை. உலர்ந்து, லேசாகப் பளபளத்து, கன்னத்தில் விரலை வைத்தால் கல் தரைமாதிரி ஜில்லென்று இருந்தது. படுக்கை உதறும்போது அவன் தலையணையில் வெள்ளையாக ஏதோ பொடி ஒட்டியிருந்தது. பொடுகு என்று நினைத்துத் தட்டினாள். விரலில் ஒட்டியது நறநறவென்றது. என்ன தோன்றியதோ, நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

வாசனை வேறு. பதமான உப்புக்கண்டத்துக்கு ஒரு வாசனை உண்டு. பழைய மரப்பெட்டியும், வறுத்த கடலையும், கொஞ்சம் வெண்ணெயும் சேர்ந்தாற்போல் இருக்கும். அந்த வீட்டில் எல்லார் துணியிலும் அது வீசும், யாரும் கண்டுகொள்வதில்லை. இப்போது குளித்துவிட்டு வந்த அவன் கழுத்திலிருந்து அது வந்தது. சோப்பு வாசனைக்கு அடியிலிருந்து, உள்ளேயிருந்து வந்தது. பின்வாசலில் எப்போதும் கழிவுக்குக் காத்திருக்கும் பூனை, இப்போதெல்லாம் அவன் பின்னாலேயே நடந்தது. அவன் உட்கார்ந்தால் எதிரே உட்கார்ந்து அவன் கணுக்காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்த வியாழக்கிழமை எடை பார்க்கும் நாள். ஒவ்வொரு கொக்கியாகத் தள்ளி, முள்ளைப் பார்த்து, சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டே வந்தாள். பதினாறு முடிந்தது. பதினெட்டுக்குப் போக வேண்டியவள் பதினேழின்மேல் கை வைத்தாள். வெறும் கொக்கி, ஒரு விரலால் தட்டினால் அறையின் மறுகோடிவரை ஓடும். தட்டினாள். நகரவில்லை. உள்ளங்கையால் தள்ளினாள். அசைந்தது, ஆனால் அது காலிக் கொக்கியின் அசைவு இல்லை. பெரிய தொடையைத் தள்ளும்போது முதலில் தயங்கி, பிறகு தன் பாரத்தாலேயே நகர்ந்து, நிறுத்தினாலும் அரையடி தள்ளிப் போய் நிற்குமே, அந்த அசைவு. தண்டவாளம் முனகியது. ஆனாலும் கை நிற்கவில்லை, தள்ளிக்கொண்டே போய்த் தராசின்மேல் ஏற்றிவிட்டாள்.

முள் சுற்றி வந்து நின்றது. எழுபத்து நான்கரை.

கொக்கிக்குக் கீழே கையை நீட்டித் துழாவினாள். ஒன்றும் இல்லை. காற்று இருந்தது, கொஞ்சம் ஜில்லென்ற காற்று. கையை முகர்ந்து பார்த்தாள். அவன் கழுத்தின் வாசனை.

கீழே போய், சும்மா பார்க்கலாம் என்று சொல்லி, குளியலறையில் இருந்த எடைக்கருவியில் அவனை ஏற்றினாள். எழுபத்து நான்கரை. அவன் குழந்தை மாதிரி சிரித்தான். இன்னும் பன்னிரண்டரைதான் என்றான். அறுபத்திரண்டு என்ற கணக்கு அவனுக்கு ஞாபகம் இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் அவனைத் தொட்டியில் உட்கார வைத்தாள். உப்பு ஏறிப்போன துண்டைப் பச்சைத்தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் உப்பு இறங்கும். அது தொழிலில் தெரிந்த விஷயம். உடம்புக்கு நல்லது என்று சொல்லி அவனைச் சம்மதிக்க வைத்தாள். முதல் தண்ணீர் கழுநீர் மாதிரி கலங்கியது. இரண்டாவது தண்ணீரை வாயில் வைத்துத் துப்பினாள். மூன்றாவது தண்ணீர் மாற்றும்போது அவன் விரல் நுனிகள் வெளுத்து, ஓரம் சாம்பல் நிறமாகப் பிரிந்து நின்றன. அமுக்கிப் பார்த்தாள். மேலாக மட்டும் கொழகொழவென்று இருந்தது, உள்ளே அதே கெட்டி. காலையில் எடை மாறவில்லை. தொட்டியின் விளிம்பில் உப்பு மட்டும் ஒரு வளையமாகப் படிந்திருந்தது, அதை அவள் அழுதுகொண்டே தேய்த்துக் கழுவினாள்.

நாத்தனாரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவன் அக்கா, கீழே உப்பறையில் வேலை செய்பவர். முழங்கைவரை எப்போதும் உப்பு, பேச்சும் அப்படித்தான் சுருக்கென்று இருக்கும். கறி பதமாகிவிட்டதா என்று கடைசியில் முடிவு சொல்வதும் அவர்தான். எலும்பில் செதுக்கிய மெல்லிய ஊசி ஒன்று அவர் இடுப்பில் செருகியிருக்கும். துண்டில் ஐந்து இடத்தில் குத்தி, ஒவ்வொரு முறையும் மூக்கருகே கொண்டுபோவார். எலும்பு வாசனையை ஒரு நொடி பிடித்து வைத்திருக்கும். உள்ளே ஏதாவது கெட்டிருந்தால் அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், திட்டவில்லை. மாடிக்கு வந்து, பதினேழாம் கொக்கியைத் தோளால் முட்டித் தள்ளிப் பார்த்தார். சீட்டை இரண்டு பக்கமும் படித்தார்.

"கையெழுத்தும் போட்டியா?"

"விளையாட்டுக்குத்தான், அக்கா."

அவர் சீட்டை விட்டுவிட்டுக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அந்த நிதானம்தான் அவளை உலுக்கியது. கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்று அவள் கையை நீட்டினாள்.

"பாதியில இறக்கினா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு அவர் இறங்கிப் போனார்.

தெரியும். போன வருடம் ஒரு விருந்துக்காக அவசரப்பட்டு ஆறாம் வாரத்திலேயே ஒரு தொடையை இறக்கினார்கள். மேலே பார்க்க அழகாக இருந்தது. மூன்றாம் நாள் எலும்பைச் சுற்றி நாறியது. வீடு முழுக்க நாறியது. தோட்டத்தில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தும், ஒரு வாரம் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அது கறி. இவன் மனுஷன். அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் காலையில் அவன் பூனையைத் தடவ, பூனை அவன் விரலை நக்கு நக்கென்று நக்கியது. அவன் அதைத் தடுக்கவில்லை. அவள் விடுவிடுவென்று மாடிக்கு ஏறி, நூலை அறுத்து, சீட்டைச் சுக்குநூறாகக் கிழித்துச் சாளரத்துக்கு வெளியே எறிந்தாள்.

கொக்கி ஆடியது. மற்ற காலிக் கொக்கிகளோடு சேர்ந்து கிணிகிணியென்று ஆடியது. அவள் உப்பு படிந்த தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் குலுங்கினாள்.

மத்தியானம் அவன் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சாயங்காலம் இடுப்புக்கிட்ட என்னவோ மாதிரி இருக்கிறது என்றான். சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். இடுப்பெலும்புக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் பச்சை ஓடியிருந்தது. கட்டைவிரலை வைத்தாள். விரல் உள்ளே போனது. வலிக்கிறதா என்று கேட்டாள், இல்லை என்றான். விரலை எடுத்தபோது அந்த நாற்றம் வந்தது. போன வருடம் வந்த அதே நாற்றம். எலும்பைச் சுற்றி ஆரம்பிக்கும் நாற்றம்.

எப்படிப் படி ஏறினாள் என்று தெரியாது. புதுச் சீட்டு. பண்டம் என்ற இடத்தில் மூட்டை என்று எழுதினாள். 93. 62. தொங்கவிட்டவர் என்ற வரிக்கு வந்ததும் நின்றாள். கீழே அவன் இருமுவது கேட்டது, ஈரமான இருமல். கையெழுத்துப் போட்டாள். முடிச்சு இறுகியதும் தண்டவாளம் முனகியது, கொக்கி நேராக நின்றது.

முதல் தடவை விளையாட்டு. இந்தத் தடவை அவளே அவனை ஏற்றினாள். இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? இரண்டு நாளில் பச்சை மறைந்தது, அந்த இடம் கறுத்து, இறுகி, பளபளப்பாகிவிட்டது.

அதற்கப்புறம் அவளுக்கு ஒரே நம்பிக்கைதான் மிச்சம். அறுபத்திரண்டு. பதம் வந்த துண்டை இறக்கினால் கெடாது, அது அப்படியே நிற்கும். அதுவரை காத்திருப்பது, வந்த அன்றைக்கு முறைப்படி இறக்குவது. மெலிந்திருப்பான், கறுத்திருப்பான், பேச மாட்டான், ஆனால் இருப்பான். பக்கத்தில் படுத்திருப்பான். அது போதும் என்று அவள் தன் மனத்தோடு பேரம் பேசி முடித்திருந்தாள். டாக்டரிடம் ஒரு முறை கூட்டிப் போனாள். அவர் நாடி பார்த்தார், கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்றார், இதயம் இப்போது வெகு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அறுபத்தெட்டு. அறுபத்தாறரை. அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். கடையில் மேடைக்குப் பின்னால் நிற்பான், யாராவது பேசினால் மெதுவாகத் தலையைத் திருப்புவான், கழுத்துத் தோல் புதுச் செருப்பு மாதிரி கிறீச்சிடும். வாங்க வந்தவர்கள் காரணம் தெரியாமல் அவன் பக்கம் சாய்ந்து மூச்சை இழுத்தார்கள். ஒரு அம்மாள், இன்றைக்கு எதை வெட்டி வைத்திருக்கிறீர்கள், இவ்வளவு வாசனையாக இருக்கிறதே என்று கேட்டார். அவள் அன்றைக்கே அவனைக் கடையிலிருந்து வீட்டுக்குள் அழைத்துப் போய்விட்டாள்.

அறுபத்தைந்து. அவன் காற்றைப் பற்றி மட்டும் பேசினான். தெற்குச் சாளரத்தைச் சாத்து, ஈரக்காற்று வருது. வடக்கைத் திற. படுக்கையில் கிடந்தபடியே, மேலே எந்தச் சாளரம் திறந்திருக்கிறது என்று சொன்னான். சரியாகச் சொன்னான்.

"பயமா இருக்கா உங்களுக்கு?" என்று ஒரு மத்தியானம் கேட்டாள்.

கண்ணை மூடித் திறக்க இப்போதெல்லாம் அவனுக்கு நேரம் பிடித்தது.

"இனிமே கெட மாட்டேன்," என்றான். "என்னைக்கும் இருப்பேன்."

கடையில் சொல்கிற அதே தாழ்ந்த குரல். அவள் எழுந்து போய்ச் சமையலறையில் நின்று அழுதாள். அங்கேயும் அந்த வாசனை வந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். அந்த வாசனை அவளுக்கு இப்போது பசியைக் கிளப்பியது.

அறுபத்து மூன்று. அறுபத்திரண்டரை.

பதினான்காம் வியாழக்கிழமை. விழித்தபோது வெயில் சுவரில் ஏறியிருந்தது. இவ்வளவு நேரம் அவள் தூங்கியதே இல்லை. பக்கத்தில் படுக்கை காலி. விரிப்பில் வெள்ளையாக, தலை, தோள், கால் என்று அச்சு அச்சாக உப்பு. தலைக்கு மேலே தண்டவாளம் முனகியது. பாரம் நகர்கிறது. நின்றது. மறுபடி நகர்கிறது. தராசுப் பக்கம்.

படிகளில் ஓடினாள்.

நான்கு சாளரங்களும் திறந்திருந்தன. நல்ல காற்று. உலர்ந்த காற்று. வரிசை வரிசையாகத் தொங்கும் தொடைகளுக்கு நடுவே, தராசின் கீழே, அவன். சட்டை இல்லை. இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்திருந்தான், அன்றைக்குப் பிடித்த மாதிரியே. முழங்கால் மடங்கி, பாதம் தரையில் படாமல். உடம்பு முழுக்க ஆழ்ந்த சிவப்பு, ஓரங்களில் கறுப்பு. நெஞ்சு ஏறி இறங்கவில்லை. கண் மட்டும் அவளைப் பார்த்தது. பூனை கீழே உட்கார்ந்திருந்தது.

முள் அறுபத்திரண்டில் நின்றது.

நாத்தனார் ஊசியோடு நின்றார். இடுப்பில் குத்தினார், முகர்ந்தார். தொடை. முகர்ந்தார். விலா. தோள். கடைசியாகக் கழுத்து. ஊசியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

"நல்லா வந்திருக்கான்," என்றார்.

"இறக்கணும், அக்கா. அறுபத்திரண்டு ஆயிடுச்சு. இறக்கிடலாம்."

அவள் அவன் விரல்களைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. கொக்கியைச் சுற்றி இறுகியிருந்தன, கொக்கியோடு ஒன்றாகியிருந்தன. நகத்தால் பறித்தாள். இடுப்பைக் கட்டிக்கொண்டு தூக்கிப் பார்த்தாள். தண்டவாளம் மட்டும் முனகியது. நாத்தனார் அவள் தோளைத் தொட்டார். மூலையிலிருந்து மரப்பலகையை எடுத்து வந்து, அதன்மேல் நீளக் கத்தியை வைத்தார்.

அவளுக்குப் புரிந்தது. புரியாமல் என்ன. பத்து வருடம்.

"முதல் துண்டு எடுக்காம இங்க எதுவும் இறங்கினதில்ல," என்றார் நாத்தனார். "நான் எடுத்தா செல்லாது. நீதான் எழுதின."

இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் கையெழுத்து.

மாட்டேன் என்று சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு துண்டு, மெல்லிசாக, அப்புறம் இறக்கிவிடலாம், கீழே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்க வைக்கலாம், போர்த்திவிடலாம், பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஒரே ஒரு துண்டு. எப்போது கத்தியை எடுத்தாள் என்று தெரியவில்லை. கைக்குத் தெரிந்த வேலை. தோளில் திரண்ட இடம், நார் ஓடும் திசைக்குக் குறுக்கே, கத்தியைப் படுக்க வைத்து, அழுத்தாமல். அவன் துடிக்கவில்லை. இரத்தம் வரவில்லை.

துண்டு அவள் விரல்மேல் மடிந்து விழுந்தது.

வழக்கப்படி சாளரத்துக்கு நேரே பிடித்தாள். வெளிச்சம் தெரிந்தது. சிவப்பாக, ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோட்டோடு. அந்தப் பக்கம் இருந்த வானம்கூடத் தெரிந்தது.

பழைய மரப்பெட்டி. கடலை. வெண்ணெய். அவள் வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினாள். மறுபடி ஊறியது.

மேலேயிருந்து கழுத்துத் தோல் கிறீச்சிட்டது. அவன் தலையைத் திருப்பி அவள் வாயையே பார்த்தான். உதடுகள் மெதுவாகப் பிரிந்தன.

"உப்பு சரியா இருக்கா, பாரு."

அவள் வாயைத் திறந்தாள்.